காடு நட்ட கதை

கீரமங்கலத்துக்குப் போகிறவர்கள் பூ வாங்கப் போவார்கள். இல்லாவிட்டால் பலாப்பழம் வாங்கப் போவார்கள். நான் போனது ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல. அதிலும் எனக்குப் பதில் தெரியாத கேள்வி.

வேறு ஊராக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்து விடலாம். கீரமங்கலத்தில் அது நடக்காது. நக்கீரர் தங்கள் ஊர்க்காரர் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. ஊர்ப் பெயரிலேயே அவர் இருக்கிறார் என்பார்கள். மெய்நின்றநாதர் கோயிலுக்கு முன்னால் தடாகத்தின் நடுவே ஓங்கி நிற்கும் சிவபெருமானுக்கு எதிரில் நக்கீரருக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். பரமசிவன் பாட்டிலேயே குற்றம் கண்டவருடைய ஊரில், பத்திரிகைக்குக் கதை எழுதிப் பிழைக்கிறவன் எம்மாத்திரம்?

கேள்வி கேட்டவர் என் நண்பர். அங்கே தென்னையும் பலாவும் வைத்திருந்தவர். 'வைத்திருந்தவர்' என்று இறந்த காலத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி, நள்ளிரவுக்குப் பின், வேதாரண்யத்துக்கு அருகே கரையேறிய கஜா புயல் அந்தப் பக்கத்துத் தோட்டங்களைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போயிற்று. தென்னை குருத்து முறிந்து விழுந்தது. பாட்டன் வைத்த பலா வேரோடு சாய்ந்தது. தென்னங்கன்றை மறுபடி நட்டார். பலாக் கன்றும் சில வைத்தார். மிஞ்சியது தோட்டத்துக்கு மேற்கே, பம்புசெட் தண்ணீர் எட்டாத இரண்டு ஏக்கர் செம்மண் மேடு. அதில் தைல மரம் நடச் சொல்லி ஒருவர் வந்து போகிறாராம். கன்று கொடுப்பார்களாம், ஐந்தாறு வருஷத்தில் அவர்களே வெட்டி எடுத்துக்கொண்டு பணம் கொடுத்து விடுவார்களாம். தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், ஆடு மாடு கடிக்காது, காவல் வேண்டாம்.

"அண்ணே, நீங்க நாலு புத்தகம் படிக்கிறவுக. சொல்லுங்க, நடலாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் திண்ணையில் உட்கார்ந்து மல்லிகை தொடுத்துக் கொண்டிருந்த அவருடைய தாயார் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "நட்டா நடுப்பா. ஆனா ஒண்ணு. அந்த மரத்துல ஒரு குருவி கூடு கட்டி நான் பாத்ததில்ல."

பொருளாதாரத்தில் ஆரம்பித்த பேச்சு இப்படிக் குருவியில் வந்து நின்றது. அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. அதற்குப் பின் படித்ததும் பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகிற சாலையில் பயணம் செய்தவர்களுக்கு அந்த மரத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பஸ்ஸின் இரு புறமும் வெளுத்த தண்டுகள் வரிசை வரிசையாக ஓடும். புத்தகத்தில் அதன் பெயர் யூகலிப்டஸ். தமிழில் தைல மரம். ஆனால் இந்த ஜில்லாவில் கிராமத்தார் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஆர்.எஸ். பதி மரம்'. மதுரையிலிருந்து விற்பனைக்கு வந்த நீலகிரித் தைலப் புட்டியின் பெயர் அது! ஜலதோஷ மருந்தின் பெயரை ஒரு காட்டுக்கே சூட்டிய ஜனங்கள் உலகத்தில் வேறு எங்காவது இருக்கிறார்களோ என்னவோ.

மறுநாள் விடிந்ததும் அப்படி ஒரு காட்டுக்குள் நுழைந்து ஒரு மணி நேரம் நடந்தேன். பறவையே இல்லை என்று சொன்னால் அது பொய். உச்சிக் கிளையில் ஒரு கரிச்சான் இருந்தது. இரண்டு காக்கைகள் வந்து போயின. தூரத்தில் ஒரு பெண் மயில் வரிசைக்குக் குறுக்கே ஓடியது. பூக்கிற பருவத்தில் தேன்சிட்டும் தேனீயும் வரும் என்று விறகு பொறுக்க வந்த ஒரு அம்மாள் சொன்னாள். அவ்வளவுதான். காலையில் ஒரு வேலியோரம் நின்றால் காது கொள்ளாதபடி கத்துமே தவிட்டுக் குருவிக் கூட்டம், அது இல்லை. கொண்டைக்குருவி இல்லை. செம்போத்தின் உறுமல் இல்லை. தரையில் புதர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. காய்ந்த இலைச் சருகுதான். நான் நடந்த சத்தத்தை நானே கேட்டுக்கொண்டு நடந்தேன்.

இந்த மரம் நம் நாட்டுக்கு வந்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சுமார் 1790-இல் திப்பு சுல்தான் நந்தி மலையில் வைத்த தோட்டத்தில்தான் முதலில் நடப்பட்டது என்பார்கள். 1843-இல் நீலகிரிக்குப் போயிற்று. 1850-களில் உதகமண்டலத்து வெள்ளைக்காரர்களின் குளிருக்கு விறகாக அதைத் தோப்புத் தோப்பாக வளர்க்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில்தான் மரத்தை நட்டுக் காடு உண்டாக்கலாம் என்ற எண்ணமே நம் பக்கத்தில் வேரூன்றியது. கப்பல் கட்டத் தேக்கு போதவில்லை என்று மலபார் கலெக்டர் கானலி நிலம்பூரில் 1840-களில் தேக்குத் தோட்டம் போட்டார். உண்மையில் விதையை முளைக்க வைத்து, நட்டு, வளர்த்துக் காட்டியவர் அவருக்குக் கீழே வேலை பார்த்த சாத்து மேனோன். பிறகு சென்னை ராஜதானியில் ரயில் வந்தது. எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்று கடற்கரை மணலில் சவுக்கு வந்தது. கப்பலுக்கு ஒரு காடு, ரயிலுக்கு ஒரு காடு, குளிர் காய ஒரு காடு. ஒவ்வொரு காடும் ஒரே ஜாதி மரம், ஒரே வயது, ஒரே நாளில் வெட்டு.

புதுக்கோட்டை அப்போது இந்த வம்புக்குள் வரவில்லை. அது தொண்டைமான்களின் சமஸ்தானம். காடு என்றால் பெரும்பாலும் முள்ளும் புதருமான குட்டைக் காடு. அதில் மன்னர் வேட்டையாட வேண்டும் என்பதற்காகவே சில இடங்களைக் காவல் போட்டுக் காத்தார்கள். மானுக்காகவும் பன்றிக்காகவும் காத்த காட்டில் கூகையும் குக்குறுவானும் வாடகை இல்லாமல் குடியிருந்தன. ராஜாக்களின் துப்பாக்கி, அது சுட்டதைவிட அதிகமான உயிர்களைத் தன்னை அறியாமல் காப்பாற்றியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. திருச்சி ஜில்லாவின் ஒரு பகுதியாயிற்று.

அடுத்த திருப்பம் டில்லியில் ஏற்பட்டது. தேசிய விவசாயக் கமிஷன் 1972-இல் ஓர் இடைக்கால அறிக்கை கொடுத்தது. மனிதன் உண்டாக்கும் காடுகளைப் பற்றிய அறிக்கை அது. பயனற்ற காடு என்று கருதப்படும் இடங்களை அழித்து, சீக்கிரம் வளரும் மரங்களை நட்டு, தொழிற்சாலைகளுக்கு மரம் கொடுக்க வேண்டும். அதற்கு ராஜ்யங்கள் தோறும் தனி நிறுவனங்கள் வேண்டும் என்பது அதன் சாரம். நம் ராஜ்யத்தில் அப்படித் தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் 1974-இல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு பிறந்தது. அந்த வருஷப் பொங்கலன்றுதான் புதுக்கோட்டை தனி ஜில்லா ஆயிற்று. ஜில்லாவும் அதன் தைல மரத் தோட்டங்களும் ஒரே வயது என்று சொல்லலாம்.

கழகத்தின் பெயரைக் கவனியுங்கள். 'வனம்' என்று மட்டும் இல்லை, 'வனத்தோட்டம்'. அந்த மட்டில் அது நேர்மையான பெயர். காகிதத்துக்கும் செயற்கைப் பட்டுக்கும் மரக்கூழ் வேண்டும். அதற்குத் தோட்டம் வேண்டும். கரும்புத் தோட்டத்தில் குயில் கூவவில்லை என்று யாராவது குறைப்படுவார்களா? தகராறு எங்கே வருகிறது என்றால், முன்பு காடாக இருந்த இடத்தில் தோட்டத்தைப் போட்டுவிட்டு, வரைபடத்தில் அதைக் காடு என்றே பச்சையாய் எழுதும்போதுதான்.

பச்சையெல்லாம் ஒரே பச்சைதானே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதைக் கீரமங்கலத்து வேலி ஒன்றுதான் எனக்குக் காட்டிக் கொடுத்தது.

நண்பரின் மேட்டு நிலத்தைச் சுற்றிக் கிளுவை வேலி. கிளுவைப் போத்தை வெட்டி நட்டவர் அவருடைய தகப்பனார். ஆனால் வேலியில் இன்றைக்குக் கிளுவை மட்டுமா இருக்கிறது? எண்ணிப் பார்த்தோம். வேம்பு, நுணா, காரை, களா, சூரை, ஓர் இடத்தில் நாவல், பனைமரத்தின் மட்டை இடுக்கிலே ஓர் ஆலங்கன்று. "இதையெல்லாம் யார் நட்டது?" என்றேன். நண்பர் சிரித்தார். "யாரு நடுவா? அதுவா முளைச்சது."

அதுவாக முளைப்பதாவது! இந்தச் செடிகளின் பழங்களை எல்லாம் வரிசையாக நினைத்துப் பாருங்கள். எல்லாம் சதையுள்ள பழங்கள். எல்லாம் ஒரு கொண்டைக்குருவியோ மைனாவோ குயிலோ விழுங்கக் கூடிய அளவு, அல்லது வௌவால் தூக்கிக்கொண்டு போய்ச் சப்பிப் போடக் கூடிய அளவு. பறவை பழத்தைத் தின்னும். பறந்து போய் எங்கேயோ உட்காரும். உட்கார்ந்த இடத்தில் கொட்டையை எச்சத்தோடு போடும். அது உட்கார ஒரு கிளை வேண்டும். வேலி அந்தக் கிளையைக் கொடுத்தது. தகப்பனார் நட்டது ஒரு ஜாதி. மிச்சத்தைப் பட்சிகள் நட்டன.

நம் கடற்கரை ஜில்லாக்களின் பழைய காடு ஒரு தனி ரகம். மழை கொஞ்சம்தான், ஆனாலும் வருஷம் முழுவதும் இலை உதிராமல் கரும்பச்சையாய் நிற்கும் குட்டை மரங்கள். காசான், வீரை, பாலை, காட்டெலுமிச்சை என்று அதன் குடிமக்கள். இப்போது அது மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஐயனார் கோயிலைச் சுற்றித்தான். புதுச்சேரிப் பல்கலைக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இந்த ஜில்லாவில் அரையப்பட்டி, மரமடக்கி முதலிய இடங்களில் அத்தகைய காட்டுத் துண்டுகளுக்குள் புகுந்து மரம் மரமாய் எண்ணியிருக்கிறார்கள். இவ்வகைக் காட்டு மரங்களில் பெரும்பாலானவை பறவையும் விலங்கும் தின்று விதை பரப்பும் பழம் உள்ளவை. அதாவது, இந்தக் காட்டுக்குப் பறவை விருந்தாளி அல்ல, உழவன்.

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் குளமங்கலத்தில், வில்லுனி ஆற்றங்கரையில் பெருங்காரையடி மீண்ட ஐயனார் இருக்கிறார். முப்பது அடிக்கு மேல் உயரமான அவருடைய குதிரைக்கு மாசி மகத்தன்று ஜனங்கள் கொண்டு வந்து சாத்தும் காகித மாலைகள் ஆயிரக்கணக்கில் குவியும். அந்தத் திருவிழாவைப் பார்க்கிறவர்கள் குதிரையைப் பார்ப்பார்கள். எனக்கு ஐயனாரின் பெயர்தான் பிடித்துக் கொண்டது. பெருங்காரையடி! ஒரு காரை மரத்தின் அடியில் இருப்பவர். அந்தக் காரையையும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு குருவிதான் போட்டிருக்க வேண்டும்.

இப்போது தைல மரத்துக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் அதன் இனம் எழுநூறுக்கும் மேல். அங்கே அதன் தேனை நம்பி வாழும் கிளிகள் உண்டு. அதன் இலையை மட்டுமே தின்று உயிர் வாழும் கோலா என்ற பிராணி உண்டு. கிழ மரங்களின் பொந்துகளில் கூடு வைக்கும் பறவைகள் ஏராளம். தன் நாட்டில் அது கற்பக விருட்சம். இங்கே வந்தது மரம் மட்டும்தான். அதோடு பழகிய உயிர்கள் வரவில்லை. அதன் காய் ஒரு சின்ன மரச் செப்பு. உள்ளே பொடிப் பொடியாய் விதை, சதை கிடையாது. பழந்தின்னிக்கு அங்கே வேலை இல்லை. பட்டையோ உரிந்து உரிந்து விழுந்து வழவழப்பாய் நிற்கும்; மரங்கொத்திக்கு அதில் பூச்சி அகப்படுவது அபூர்வம்.

அதைவிடப் பெரிய குறை வயது. குக்குறுவானும் மரங்கொத்தியும் பட்டுப்போன கிளையைக் குடைந்து பொந்து செய்யும். அவை விட்டுப்போன பொந்தில் மைனா வரும், கிளி வரும், பெரிய பொந்தானால் ஆந்தை வரும். மொட்டைப் பனையின் பொந்தில் பனங்காடை குடியேறும். அதன் பெயரே அதைச் சொல்கிறது. இதற்கெல்லாம் மரம் கிழமாக வேண்டும். ஒரு பக்கம் சாக வேண்டும். ஏழெட்டு வருஷத்துக்குள் கூழாகப் போகிற மரத்துக்குக் கிழத்தனம் ஏது? பொந்து இல்லாத காட்டில் ஆந்தை இல்லை. ஆந்தை இல்லாவிட்டால் எலியைப் பற்றி விவசாயிக்கு நான் சொல்லத் தேவையில்லை. தென்னையிலே குரும்பையைக் கடித்துப் போடுகிற எலியோடு கீரமங்கலத்தார் நடத்தும் யுத்தம் தனிக் கதை.

தண்ணீர் வழக்கு ஒன்றும் உண்டு. மரம் நடும்போது நிலத்தை ஆழ உழுது, குறுக்கே கரை போட்டு, பெய்கிற மழையை அங்கேயே நிறுத்தி விடுகிறார்கள். வரத்து வாரிகளில் தண்ணீர் ஓடுவதில்லை. கண்மாய் நிரம்புவதில்லை என்பது இந்த ஜில்லா விவசாயிகள் நெடுநாளாகச் சொல்லி வரும் புகார். ஐயாயிரத்துக்கு மேல் கண்மாயும் ஏரியும் குளமும் உள்ள ஜில்லா இது. கண்மாய் வறண்டால் நாரையும் வறண்டது என்று அர்த்தம். கர்நாடகத்தில் இந்தக் கோபம் முற்றி, 1983-இல் தும்கூர்ப் பக்கத்து விவசாயிகள் நாற்றுப் பண்ணைகளுக்குள் புகுந்து யூகலிப்டஸ் கன்றுகளைப் பிடுங்கி எறிந்தார்கள். நம் எழுத்துலகிலும் அந்நிய மரங்களுக்கு எதிராக விடாமல் குரல் கொடுத்தவர் ஒருவர் இருந்தார்: மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் புதல்வர். 1996-இல் காலமாகும் வரை பறவையையும் மிருகத்தையும் பற்றி எழுதிக்கொண்டே இருந்தவர். நாவலாசிரியர் வீட்டில் பிறந்தவர் மனிதர்களை விட்டுக் காட்டைப் பார்க்கப் போனார். என்னைப் போன்றவர்கள் அவர் போன வழியைத் திரும்பிப் பார்க்கவே இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு, 'நட்ட காடெல்லாம் பாழ், அந்நிய மரமெல்லாம் விஷம்' என்று தீர்ப்பு எழுதத்தான் நான் தயாரானேன். எழுத விடாமல் இரண்டு இடங்கள் தடுத்தன.

ஒன்று, புதுச்சேரிக்கு அருகே ஆரோவில். 1968-இல் அந்த நகருக்கு அஸ்திவாரம் போட்டபோது அது மண் அரித்துப்போன செம்பொட்டல். நிழலுக்காக அவர்கள் நட்டவற்றில் முக்கியமானது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு வேல மரம். அதுவும் அந்நியம்தான், அதுவும் அவசரமாய் வளர்வதுதான். ஆனால் அதன் அடியை அவர்கள் உழவில்லை. ஐந்தாறு வருஷத்து ஒப்பந்தத்தில் வெட்டவும் இல்லை. நிழல் விழுந்தது, சருகு மக்கியது, பறவைகள் வந்து உட்கார்ந்தன. அவை போட்ட கொட்டைகளும், மனிதர்கள் தேடிக் கொண்டு வந்து நட்ட நாட்டுக் கன்றுகளும் நிழலில் எழும்பின. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் வந்து அங்கே மரங்களைச் சாய்த்தபோது, விழுந்தவற்றில் பல அந்த வேல மரங்கள். அவற்றின் அடியில் காத்திருந்த நாட்டு மரங்களுக்கு வெளிச்சம் கிடைத்தது.

இன்னொன்று நம் கண்மாய்களே. 1980-களில் ஸ்வீடன் தேசத்து உதவியோடு நடந்த சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரி உட்புறங்களில் கருவேலங்கன்றுகளை நட்டார்கள். நோக்கம் விறகு. ஆனால் தண்ணீரில் நிற்கும் கருவேலம் கொக்குக்கும் நாரைக்கும் அரண்மனை. பூனையும் பாம்பும் எளிதில் ஏற முடியாது. பக்கத்துச் சிவகங்கை ஜில்லாவில் வேட்டங்குடிச் சரணாலயத்தைப் போய்ப் பாருங்கள், 1977-இல் அறிவிக்கப்பட்டது. கண்மாய்க் கருவேலங்களில் கூடு மேல் கூடு. அங்கே கொள்ளுகுடிப்பட்டியார் பறவை மிரளும் என்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. கண்மாய்த் தண்ணீரில் கலக்கும் எச்சம் வயலுக்கு எரு என்பதும் நம் குடியானவனுக்குப் பழைய பாடம். வேடந்தாங்கல்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களிலேயே கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடம் தங்கள் பறவைகளைச் சுடக் கூடாது என்று கௌல் வாங்கியவர்கள்.

ஆகவே மனிதன் நட்டான் என்பது குற்றம் அல்ல. அந்நிய மரம் என்பது கூட முழுக் குற்றம் அல்ல. நட்ட பிறகு பறவையை உள்ளே விட்டானா, அது போட்ட விதையை முளைக்க விட்டானா என்பதே கேள்வி. (பறவை தர்ம தேவதை என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவிலிருந்து வந்து நம் மலைக் காடுகளை மூடிக்கொண்டிருக்கும் உண்ணிச் செடியையும் பரப்பியது இதே கொண்டைக்குருவிதான். கொடுத்ததை விதைக்கும், ஜாதகம் பார்க்காது.)

மூன்று மாதம் கழித்து மறுபடி கீரமங்கலம் போனேன். என் ஞானத்தை எல்லாம் திண்ணையில் உட்கார்ந்து கொட்டினேன். நண்பர் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் சங்கடத்தோடு சொன்னார்:

"அண்ணே, நீங்க சொல்றது சரிதான். ஆனா ரெண்டு ஏக்கர்ல ஒரு ஏக்கர் போன வாரமே நட்டுட்டேன். புயலுக்கு வாங்குன கடன் நிக்குதில்ல?"

நான் என்ன சொல்ல முடியும்? கடன் என் பெயரில் இல்லை. மேட்டுக்குப் போய்ப் பார்த்தோம். சாண் உயரக் கன்றுகள் நூல் பிடித்த மாதிரி நின்றன. மற்ற ஏக்கரில் முந்திரியும், இரண்டு வரிசை நாவலும் போடப் போவதாகச் சொன்னார். அவருடைய தாயார் வேலியைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி விட்டாராம். டிராக்டர் திரும்ப இடம் போதவில்லை என்று உழவு ஓட்டியவர் முணுமுணுத்தும், வேலியை ஒட்டி இரண்டு பாகம் அகலத்துக்கு உழாமல் விட்டிருந்தார்கள்.

அந்த இடத்தில் குனிந்து பார்த்தேன். தைலக் கன்றுக்கு நாலு முழம் தள்ளி ஒரு வேப்பங்கன்று. அதன் பக்கத்தில் இரண்டு இலை விட்ட இன்னொன்று. நுணாவா காரையா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. கிழவியை அழைத்து வந்து காட்டினோம். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இன்னும் ரெண்டு இலை விடட்டும், சொல்றேன்" என்றார்.